ஒரு தடவைதான் கேட்பேன்

லிம்ஃபியோர்டு என்கிற கடற்கழிக்கு மேற்கே, கடல்காற்று வருஷம் முழுக்க ஓயாத அந்தப் பக்கத்தில், வாசலைத் தாண்டி உள்ளே வந்தவனைக் காபி கேட்காமல் அனுப்புகிற வழக்கம் கிடையாது. தபால்காரனுக்கும் உண்டு, சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவனுக்கும் உண்டு, வேலித் தகராறு பேச வந்தவனுக்கும் உண்டு. சண்டையை ஆற அமர உட்கார்ந்து போடலாமே. ஆனால் கேட்டவுடனே "சரி" என்று உட்கார்ந்துவிடுகிறவனை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள். முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்போதுதான் வீட்டில் குடித்தேன், உங்களுக்கு எதற்குச் சிரமம், மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று. வீட்டுக்காரர் இரண்டாவது தடவை கேட்பார். அதற்கப்புறம்தான் நாற்காலியை இழுக்கலாம். முதல் கேள்வி மரியாதைக்கு, இரண்டாவதுதான் அழைப்பு. இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. குழந்தைக்குப் பேச்சு வரும்போதே இதுவும் கூட வந்துவிடும்.

போடில் அறுபது வருஷமாக இப்படித்தான் கேட்டும் மறுத்தும் வந்திருக்கிறாள். அதை வைத்து ஒருவனை அடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது அந்த ஏப்ரல் மாதத்தில்தான்.

அவள் கணவர் ஏகோன் போன அக்டோபரில் இறந்துபோனார். கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தார். மக்காச்சோளம் ஏற்றிய டிரெய்லரோடு ஒரு டிராக்டர் சந்தில் திரும்பியது. சூரியன் தாழ்ந்து, ஓட்டுகிறவன் கண்ணுக்குச் சரியாக நேரே நின்ற நேரம். ஓட்டியவன் பக்கத்துப் பண்ணை யெப்பெ. வெளியூர்க்காரன் என்றால் வாய்விட்டுத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். யெப்பெ அவள் கண் முன்னால் பிறந்து வளர்ந்தவன். இதே அடுக்களையில், இதே மேஜையில், ஏகோனுக்கு எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்காகக் காபி குடித்தவன். வெயில்தான் காரணம் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. ஊரும் அப்படித்தான் சொன்னது. வெயிலைப் போய் யார் என்ன கேட்பது?

போடில் அழவில்லை. அடக்கத்தன்று ஊர் வழக்கப்படி வாசல் கொடிக்கம்பத்தில் கொடியைப் பாதியில் ஏற்றினாள், எல்லாம் முடிந்ததும் உச்சிக்கு ஏற்றினாள், சாயங்காலம் இறக்கி மடித்து அலமாரியில் வைத்தாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை இருக்குமே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு, தாடை மட்டும் இல்லை, முழு உடம்பும். கடையில் பார்க்கிறவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றாள். அவர்களும் நிம்மதியாக ஓட்ஸ் பாக்கெட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை தேவாலயத்துப் பாதிரியார் அம்மாள் போன் செய்தாள். யெப்பெ உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான், சனிக்கிழமை மூன்று மணிக்கு வரலாமா, வேண்டாம் என்றால் அதுவும் சரிதான், அவன் புரிந்துகொள்வான் என்று தடவித் தடவிப் பேசினாள். வரட்டும் என்று போடில் சொன்னாள். போனை வைத்த கையோடு அந்த யோசனை வந்தது.

அவன் வருவான். காபி குடிக்கிறாயா என்று கேட்பாள். வளர்ந்த வளர்ப்புக்கு அவன் வேண்டாம் என்பான். சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பாள். அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி கிடையாது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, கதவை அறைந்து சாத்துவது இல்லை, நாளைக்கு ஒருத்தரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வீட்டில் உனக்கு இனிமேல் உட்கார இடம் இல்லை என்பது அவனுக்கு எலும்பு வரைக்கும் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கும் போய்ச் சேரும். ஏகோனைக் கொன்றவனுக்கு ஏகோன் வீட்டில் என்ன கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவள் வேறு எதையும் கேட்கவில்லை. இதை மட்டும் சரியாகச் செய்துவிட வேண்டும்.

அதற்குக் காபி வேண்டும். வெறும் வாய்வார்த்தைக்குக் கேட்டால் போதாது. மறுக்கப்படுகிற பொருள் மேஜை மேல் ஆவி பறக்க இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து அவள் குடித்ததெல்லாம் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தூளைக் கலக்கிய தண்ணீர். அந்த வாசனைக்கு எவனும் ஏங்கமாட்டான். ஏகோன் போடுகிற காபி வேண்டும். யெப்பெயின் மூக்குக்கு அது நன்றாகத் தெரியும்.

ஏகோன் நாற்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் புறா வளர்ப்பார்கள், படகு வாங்கி அதற்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இவருக்குக் காபிப் பைத்தியம். கண்ணாடிக் கூஜாவுக்குள் கம்பிவலைத் தட்டை வைத்து மேலிருந்து அழுத்துகிற காபி பிரெஸ் ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகு பத்து வருஷம் காலையிலும் மத்தியானமும் அதோடுதான் குடித்தனம். கொட்டையைக் கையால் அரைப்பார். அரைத்துக்கொண்டே ஏன் இப்படி அரைக்க வேண்டும் என்று பேசுவார். போடில் செய்தித்தாளில் மரண அறிவிப்புகளைப் படித்துக்கொண்டு ம் கொட்டுவாள். பத்து வருஷத்தில் ஒரு வார்த்தைகூட காதில் வாங்கியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

பிரெஸ் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். பொறுமை இல்லாமல் மின்சார அரவையில் கொட்டையை மாவாக அரைத்தாள். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றிக் கைப்பிடியை அழுத்தினாள். நகரவில்லை. மாவு வலையை அடைத்துக்கொண்டது. இரண்டு கையாலும் பலம் கொடுத்து அழுத்தியதும் ஓரத்து வழியாகச் சூடான காபி பீறிட்டு முழங்கை வரைக்கும் தெறித்தது. துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். கை வெந்திருக்கிறது என்பது ராத்திரிச் சாப்பாட்டின்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மறுநாள் ஏகோனுடைய கை அரவையை எடுத்து, உடைத்த கோதுமை போலப் பெரிது பெரிதாக அரைத்தாள். இந்தத் தடவை தட்டு ஒழுங்காக இறங்கியது, ஆனால் காத்திருக்காமல் உடனே அழுத்திவிட்டதில் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. மூன்றாம் நாள் அரை மணி நேரம் ஊற வைத்தாள். நாக்கு சுருண்டுகொள்ளும் கசப்பு.

அன்றைக்குத்தான் கார்லா வந்தாள். ஏகோனின் அக்கா. தேர் மாதிரி உடம்பு, ரொட்டிக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், வாயில் எப்போதும் ஒரு கத்தி வைத்திருப்பாள். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். போடில் காபி கேட்டாள், கார்லா வேண்டாம் என்றாள், மறுபடி கேட்டாள், சரி உனக்காக ஒரு வாய் என்று உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் போடில், இது எந்தக் கூரையிலேர்ந்து வழிச்சே? வீட்டுக்கூரையா, மாட்டுக்கொட்டாயா?"

"நல்லா இல்லையா?"

"எனக்கு எண்பது வயசாகப் போகுது. நானா போற வரைக்கும் பொறுக்கமாட்டியா?"

கார்லா எழுந்து பிரெஸ்ஸை மூக்கருகே வைத்து மோந்தாள். கெட்டிலைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்பு. வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்து ஆறு மாசம் ஆகிறதா என்று கேட்டாள். ஆகிறது என்றாள் போடில். வலையைக் கழற்றிக் கழுவினாயா என்று கேட்டாள். வலை கழலும் என்பதே போடிலுக்குத் தெரியாது.

கார்லா அடித் திருகைச் சுழற்றினாள். மூன்று தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கழன்று வந்தன. அவற்றுக்கு நடுவே பழைய காபிச் சக்கை கருத்து இறுகி, எண்ணெய் சிக்குப் பிடித்துக் கிடந்தது. போடில் இந்த வாரம் போட்டதெல்லாம் அதற்கு மேலே ஈரமாக ஒட்டியிருந்தது. அடியில் இருந்தது அக்டோபர் மாதத்துச் சக்கை. ஏகோன் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போட்டுக் குடித்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். கார்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போடில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, சோப்பு போட்டு, குழாயைத் திறந்து தேய்த்துக் கழுவிவிட்டாள். பளபளவென்று வந்தது. ஒன்றுமே தோன்றவில்லையே என்று அவளுக்கு ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"யாருக்கு இவ்வளவு ஏற்பாடு?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கார்லா கேட்டாள்.

போடில் சொன்னாள். சனிக்கிழமை யெப்பெ வருவதையும், ஒரு தடவைதான் கேட்கப்போவதையும், வேறொன்றும் செய்யப்போவதில்லை என்பதையும் சொன்னாள்.

கார்லா தட்டுகளைத் துடைத்து மறுபடி கோத்துத் திருகினாள். பாவம் அந்தப் பையன் என்று சொல்வாள் என்று போடில் எதிர்பார்த்தாள். செய்தது அவன்தானே என்று சொன்னாலும் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"செய்யி," என்றாள் கார்லா கடைசியில். "ஆனா காபிய உருப்படியாப் போடு. இந்தக் கண்றாவிய நீ குடுக்கலன்னா அவன் உனக்கு நன்றி சொல்லிட்டுப் போவான்."

அப்புறம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். தம்பி அவளிடமும் பத்து வருஷம் இதைத்தானே பேசியிருக்கிறான். அவள் சொல்லச் சொல்ல, மரண அறிவிப்புகளுக்கு மேலாக அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த ஏகோனின் பேச்சு போடிலுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காதில் வாங்கவில்லை என்று நினைத்ததெல்லாம் உள்ளே போய்த்தான் இருந்திருக்கிறது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கூஜாவைச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். தண்ணீர் கொதித்தவுடன் ஊற்றக் கூடாது, குமிழி அடங்கட்டும். தூள் நனைகிற அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி, அது உப்பி மூச்சு விடுகிறதைப் பார்த்துவிட்டு மீதியை ஊற்ற வேண்டும். முட்டைக்கு வைக்கிற மணல் கடிகாரத்தைக் கவிழ்க்க வேண்டும். மேலே கட்டியாக ஓர் ஏடு படியும். மணல் இறங்கியதும் அதை மரக் கரண்டியால் உடைத்து, நுரையை வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு அவசரம் இல்லாமல் அழுத்த வேண்டும், அடிமட்டம் வரை போய்ச் சக்கையை நசுக்கக் கூடாது. அழுத்தியதும் மொத்தத்தையும் ஊற்றிவிட வேண்டும். காத்திருந்தால் கசக்கும்.

வெள்ளிக்கிழமை சரியாக வந்தது. கோப்பையில் ஊற்றும்போதே தெரிந்தது. பழுப்பும் சிவப்புமாக ஒரு தெளிவு, வாசனை அடுக்களையை விட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. குடித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று நாக்கு சொன்னது. நாக்கு சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே பூசி ஒரு கேக்கும் செய்தாள். அதுவும் கொடுப்பதற்கு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் காற்று அடங்கி வெயில் அடித்தது. வேலிக்கு அப்பால் யெப்பெயின் வீட்டுக் கதவு திறப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள். அவன் டிராக்டரிலும் வரவில்லை, காரிலும் வரவில்லை, நடந்து வந்தான். மணல் பாதி இறங்கியிருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

வாசலிலேயே மரச்செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஒரு காலுறையில் பெருவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. முப்பது தாண்டியவன், ஆனால் கன்னம் ஒட்டிப்போய் ஐம்பது வயதுக்காரன் மாதிரி இருந்தான். கை கொடுத்தான், கொடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். மேஜையைப் பார்த்தான். பிரெஸ் நின்றது. ஏடு படிந்திருந்தது. கேக் இருந்தது. கோப்பைகள் இல்லை. கொடுக்காத காபிக்குக் கோப்பை எதற்கு?

போடிலின் மனசில் ஒரு துளி சலனம் இல்லை. வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்த குரலில் கேட்டாள்.

"காபி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்," என்றான் யெப்பெ. "நன்றி."

அவள் அப்படியே நின்றாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தாள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது? கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான் வந்தது. என்ன பழக்கம் இது, கேட்டதும் கை நீட்டுவது? கால்கள் தாமாக அலமாரிக்குப் போயின. ஒரு கோப்பையை எடுத்தாள். இரண்டாவதை எடுக்கவில்லை. அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அவனும் உட்கார்ந்தான், அந்த வீட்டில் அவன் எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் இல்லை, கதவோரத்தில் கிடந்த வேறொன்றில்.

மணல் இறங்கி முடிந்தது. அவள் கரண்டியைத் தொடவில்லை.

"கேட்டதும் சரின்னு சொல்லத்தான் உங்கம்மா உனக்குக் கத்துக்குடுத்தாளா?"

அவன் காது சிவந்தது. "இல்ல. முன்னெல்லாம் வேணாம்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

"இப்ப என்ன வந்துச்சு?"

"இப்ப யாரும் ரெண்டாவது தரம் கேக்குறதில்ல."

குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான். நவம்பரில் தீவனக் கடைக்காரர் வீட்டில்தான் முதலில் நடந்ததாம். தவறிப்போய் மறந்துவிட்டார் என்று நினைத்தானாம். பிறகு பால் பண்ணைச் சங்கத்தில், பெரியப்பா வீட்டில், கால்நடை மருத்துவர் வீட்டில். கேட்பார்கள், வேண்டாம் என்பான், சரி என்பார்கள். போன வாரம் ரொட்டிக் கடையில் கார்லாவைப் பார்த்தபோதும் அதேதான் நடந்ததாம். ஆறு மாசமாக அவன் வெளியே எங்கேயும் காபி குடிக்கவில்லை.

போடில் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஊர் நவம்பரிலிருந்தே செய்து வந்திருக்கிறது. கார்லாவும் செய்துவிட்டுத்தான் இங்கே வந்து வலையைக் கழற்றிக் காட்டினாள். ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. ஏகோனுக்காகத்தான் செய்கிறார்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவமானமாக இருந்தது, அதுவும் மரத்துப்போன காலில் எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லத்தான் தெரிந்தது.

"நானும் ரெண்டாவது தரம் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள். "வாரம் பூரா இந்தக் காபியப் போட்டுப் பழகினேன். உனக்குக் குடுக்காம இருக்குறதுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வந்தே?"

"நீங்க ஒரு தரமாவது கேப்பீங்கன்னு தெரியும், போடில்." அவன் மேஜையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போலீஸ்கிட்ட சொல்லல. அவங்க கேக்கல."

வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாதே என்று கையைத் தூக்கவும் தூக்கினாள். ஆனால் ஏகோன் எப்படிப் போனார் என்பதுதான் ஆறு மாசமாக அவள் யாரிடமும் கேட்காத கேள்வி. அந்தச் சந்தில் அன்றைக்கு ஏகோனோடு கடைசியாக இருந்தவன் இவன் மட்டும்தான். வேறு யாரைக் கேட்பாள்? தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதம் ஆனது என்றான். காட்டுரோஜாப் புதர் ஓரமாக ஏகோன் படுத்திருந்தார், நான் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன், சட்டையைக் கழற்றி அவர் தலைக்கு அடியில் வைத்தேன் என்றான். வெண்ணெய்ப் பொட்டலம் ரோட்டில் கிடந்தது. இதையெல்லாம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு வந்தவன், அதற்கு மேல் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினான்.

"கண்ணத் தொறந்தார். என்னைப் பார்த்தார். உனக்கு அடிபட்டுதான்னு கேட்டார். இல்லன்னேன். திரும்பவும் கண்ண மூடிக்கிட்டார். முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். மறுபடி தொறந்து, அடிபட்டுதாடா உனக்குன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

"எங்க அடிபட்டுது?"

"எங்கயும் இல்ல." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டாவது தரம் கேக்குறாரே, எப்படி இல்லன்னு சொல்றது?"

"அப்புறம்?"

"பாவம்னார். அவ்வளவுதான். அப்புறம் பேசல."

போடிலுக்குக் கோபம் வந்தது. யெப்பெ மேல் இல்லை, வெயில் மேல் இல்லை, ஏகோன் மேல். அடிபட்டுக் கிடக்கிறபோது ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா இது? அவள் பேரைச் சொல்லியிருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். விருந்தாளி வந்து வாசலில் நிற்கிற மாதிரி, ரோட்டில் படுத்துக்கொண்டு, இடித்தவனை உபசரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே ஏகோன்தான். வேறு யாரும் இப்படிச் செய்திருக்க முடியாது. ஆறு மாசமாக அவளுக்குச் செத்துப்போன கணவர் ஒருவர் இருந்தார். இப்போதுதான் ஏகோன் செத்துப்போனார்.

"முட்டாள் மனுஷன்," என்றாள். சொன்ன குரல் உடைந்துவிட்டது. மூக்கிலிருந்துதான் முதலில் ஒழுகியது, சளி பிடித்திருக்கிறது என்றே நினைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. கொப்புளம் காய்ந்த கையை முகத்தில் வைத்துக்கொண்டு, வெட்கம் இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தமாக அழுதாள். வலித்தது. எங்கே என்று சொல்ல முடியாமல் எல்லா இடத்திலும் வலித்தது.

யெப்பெ அவளைத் தொடவில்லை. பிறகு எழுந்து கரண்டியை எடுத்து ஏட்டை உடைத்தான், நுரையை வழித்தான், பிரெஸ்ஸின் கைப்பிடியை மெதுவாக அழுத்தினான். விருந்தாளி செய்கிற வேலை இல்லை அது, வேறு நாளாக இருந்தால் போடில் கையைத் தட்டிவிட்டிருப்பாள். தட்டு அவசரப்படாமல் இறங்கியது. அவன் அலமாரியைத் திறந்து இன்னொரு கோப்பையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"குடிக்கிறீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். அது முறைக்குச் சொன்ன வேண்டாம் இல்லை. தொண்டையில் ஒன்றும் இறங்காது என்று நிஜமாகவே நினைத்துச் சொன்னது.

அவன் கூஜாவைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றான்.

"குடிங்க, போடில்," என்றான்.

அவள் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் இரண்டிலும் ஊற்றினான். நேரம் கடந்துபோயிருந்ததால் காபி நன்றாகக் கசந்தது. இருவரும் முழுதாகக் குடித்தார்கள்.